எலும்பு தேடிய குருவானவர்

உங்கள் பிள்ளைகளின் சரித்திரப் புத்தகத்தில் பீக்கிங் மனிதனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த நெற்றி, கண்ணுக்கு மேலே வரப்பு கட்டினாற்போல் தடித்த எலும்பு, மோவாய் என்று சொல்ல ஒன்றுமில்லாத தாடை. அந்த எலும்புகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்க குரு என்பதைப் புத்தகம் சொல்லியிராது. அவரே சேசு சபையைச் சேர்ந்த பியேர் தெயார் த ஷார்தான் சுவாமியார்.

1881-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி பிரான்சு தேசத்தில், அணைந்த எரிமலைகள் நிறைந்த ஓவெர்ஞ் பிரதேசத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காமவர். தாயார் மிகுந்த பக்தியுள்ள மாது. தகப்பனாருக்கோ இயற்கை ஆராய்ச்சியில் பிரியம். பிள்ளைக்கு இரண்டு பேருடைய குணமும் வாய்த்தது. சிறு வயதில் ஓர் இரும்புத் துண்டை அழியாப் பொருளென்று எண்ணிப் பொக்கிஷமாகக் காத்து வந்தாராம். அதிலும் துருவேறக் கண்டு அழுதாராம். 1899-ல் சேசு சபையில் சேர்ந்தார். கெய்ரோ நகரில் மூன்று வருஷம் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தபின், இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில் வேதசாஸ்திரம் படித்து, 1911-ல் குருப்பட்டம் பெற்றார்.

அங்கேதான் சார்லஸ் டாசன் என்னும் வக்கீலின் சிநேகம் ஏற்பட்டது. டாசன் ஓய்வு நேரத்தில் பழைய எலும்பு தேடுகிறவர். பில்ட்டவுன் என்ற இடத்தில் ஆதிமனிதனின் மண்டை கிடைத்ததாக 1912-ல் பறைசாற்றினார். மண்டை நம்முடையதுபோல் பெரிது. தாடையோ வாலில்லாக் குரங்கினுடையது. அடுத்த வருஷம் அதே குழியில் தெயார் சுவாமியாரும் தேடினார். ஒரு கோரைப்பல் அவர் கையில் அகப்பட்டது.

இதில் என்ன முக்கியம் என்று கேட்பீர்கள். மனித சரீரத்தில் முதலில் மாறியது தலையா, காலா என்பதே அன்றைய வழக்கு. மூளை பெருத்த பிறகே மற்ற அங்கங்கள் மாறின என்று அறிஞர் பலர் நம்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பில்ட்டவுன் மண்டை, பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் ஆயிற்று. 1925-ல் தென் ஆப்பிரிக்காவில் ரேமண்ட் டார்ட் என்பவர் டாவுங் என்னும் இடத்துச் சிறு பிள்ளை மண்டை ஒன்றைக் காட்டினார். மூளை குரங்களவே, ஆனால் முதுகுத்தண்டு நுழையும் துவாரம் மண்டைக்குப் பின்புறமாக அல்ல, அடியிலே இருந்தது. தலை கழுத்தின்மேல் நேராக உட்கார்ந்திருந்தது, அதாவது இரண்டு காலால் நடந்த ஜீவன் என்பதே பொருள். பில்ட்டவுன் இருக்கையில் இதை யார் ஏற்பார்கள்? நெடுங்காலம் அவரைப் பலரும் பொருட்படுத்தவில்லை.

நம் சுவாமியார் அதற்குள் முதல் மகா யுத்தத்தில் காயம்பட்டோரைச் சுமக்கும் சிப்பாயாக ஊழியம் செய்து பதக்கங்கள் பெற்றார். பிறகு பாரிசில் டாக்டர் பட்டம், பேராசிரியர் பதவி. ஜன்மபாவத்தைப் பற்றி அவர் எழுதி வைத்த ஒரு குறிப்பு உரோமைக்குப் போய்ச் சேர, அந்தப் பதவி போயிற்று. 1923-ல் முதன்முறையாகக் கண்ட சீன தேசமே, 1926 முதல் இருபது வருஷம் அவருக்கு வீடாயிற்று.

பீக்கிங்குக்குத் தென்மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் ஜோக்கோடியன் குகை இருக்கிறது. 1929 டிசம்பர் 2-ந் தேதி அங்கே மண்டை ஓட்டைக் கண்டெடுத்தவர் பெய் வென்ஜோங் என்ற சீன வாலிபர், சுவாமியார் அல்ல. பாராட்டு உரியவருக்கே சேரட்டும். சுவாமியாரின் வேலை பாறை அடுக்குகளையும் மிருக எலும்புகளையும் பார்த்து அந்த மனிதனின் காலத்தைக் கணிப்பது. ஏழு லட்சம் வருஷத்துக்கும் மேற்பட்டவன் அவன் என்று 2009-ல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அவனுடைய மூளை சுமார் 1000 கன சென்டிமீட்டர். நம்முடையது ஏறக்குறைய 1350. பற்கள் பெரியவை, முகம் முன்தள்ளியது. ஆனால் கழுத்துக்குக் கீழே பாருங்கள்! கிடைத்த தொடையெலும்புத் துண்டுகள் சுவர் தடித்தவை என்றாலும் நம் எலும்பின் சாயலே. கால் முந்திவிட்டது, தலை பிந்தி வருகிறது. 1974-ல் எத்தியோப்பியாவில் லூசி என்னும் எலும்புக்கூடும், 1978-ல் டான்சானியாவில் முப்பத்தாறு லட்சம் வருஷத்துக் காலடித் தடங்களும் கிடைத்தபின் வழக்கு முடிந்தது. அந்தக் கால்கள் நடந்தபோது மூளை நம்முடையதில் மூன்றிலொரு பங்குதான்.

பீக்கிங் எலும்புகள் 1941 டிசம்பரில் யுத்தக் குழப்பத்தில் காணாமற்போயின. அச்சு வார்த்த பிரதிகளே மிஞ்சின.

சுவாமியார் 1935-ல் நம் தேசத்துக்கும் வந்து, காஷ்மீரத்திலும் நர்மதைக் கரையிலும் மண் அடுக்குகளை ஆராய்ந்தார். மண்டை எதுவும் அகப்படவில்லை. அதே நர்மதைப் பள்ளத்தாக்கில் 1982-ல் அருண் சோனாக்கியா என்பவர் ஒன்றைக் கண்டெடுத்தார்.

அவருடைய ஞான நூல்கள் வேறு சங்கதி. மனித சரீரத்தின் தோற்றத்தை ஆராயலாம், ஆத்துமத்தை சர்வேசுரன் நேரே படைக்கிறார் என்பதை விடக்கூடாது என்று 1950-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் தெளிவுபடுத்தினார். எலும்பாராய்ச்சிக்கு யாரும் தடை சொல்லவில்லை. தம் பெரிய நூலை அச்சிட 1948-ல் உரோமைக்கே போய் உத்தரவு கேட்டார், கிடைக்கவில்லை. சபையை விட்டு வெளியேறினால் மறுநாளே அச்சிட்டிருக்கலாம். வெளியேறவில்லை. அந்நூல்களில் மயக்கமான இடங்கள் உண்டென்றே நானும் எண்ணுகிறேன். அவர் மரித்தபின் அவை வெளிவரவே, திருச்சபை 1962-ல் எச்சரிக்கை விடுத்தது. ஆயினும் 2023-ல் மங்கோலியாவில் பூசை வைத்த பிரான்சிஸ் பாப்பரசர் இவரை அன்போடு நினைவுகூர்ந்தார்.

1953-ல் பில்ட்டவுன் குட்டு வெளிப்பட்டது. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. பற்கள் அரத்தால் ராவப்பட்டு, சாயம் பூசப்பட்டவை. சுவாமியார் எடுத்த கோரைப்பல்லும் அப்படியே! அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. அவரையே கூட்டாளி என்று பிற்காலத்தில் எழுதியவர்களும் உண்டு. 2016-ல் வந்த ஆய்வு, எல்லாம் ஒரே கைவேலை என்று டாசனையே சுட்டியது. பாவம், சுவாமியார் இதைக் கேட்க உயிரோடில்லை.

1955 ஏப்ரல் 10-ந் தேதி, உயிர்த்த ஞாயிறு. நியூயார்க் நகரில் காலையில் பூசை கண்டு, மாலையில் சிநேகிதர் வீட்டில் இருந்தபோது சாய்ந்து மரித்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே. ஹட்சன் நதிக்கரையில் சேசு சபை நவசந்நியாச மடத்துக் கல்லறையில், மற்ற குருக்களுக்கு வைத்ததுபோன்ற சிறு கல்லின் கீழ் அடக்கம் செய்தார்கள். மடம் பிறகு கைமாறி, இப்பொழுது சமையற்கலை கற்பிக்கும் கல்லூரியாக இருக்கிறது. கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன.