அறிஞர் பாவ்லோவ்

உணவைக் கண்ட நாயின் வாயில் நீர் ஊறுதல் யாவரும் அறிந்ததே. அவ்வெளிய நிகழ்ச்சியைக் கருவியாகக் கொண்டு, உயிர்கள் கற்கும் முறையை ஆராய்ந்த பெரியார் ஐவான் பாவ்லோவ் ஆவார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

பாவ்லோவ் 1849-ஆம் ஆண்டு ருஷ்ய நாட்டு ரியாசான் நகரில் ஒரு குருவானவரின் மகனாய்த் தோன்றினார். தந்தையைப் போலத் திருப்பணி ஏற்றற்பொருட்டு இறைநூற் பள்ளியிற் பயின்றவர், இயற்கை நூல்களில் வேட்கை மிகுந்து, 1870-இல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் புகுந்தார். உணவு செரிக்குமாற்றை விளக்கியமைக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஒரு குறியைக் காட்டி உடனே உணவளித்துப் பன்முறை பழக்கின், பின்னர் அக்குறி மாத்திரமே நாய்க்கு வாய்நீர் ஊறச்செய்யும் என்று அவர் கண்டார். அதனை ஒத்த பிற குறிகளுக்கும் நீர் ஊறும். ஒப்புமை குறையுந்தோறும் நீரும் குறையும். ஒரு குறியையே எண்ணிறந்த முறை பழக்கினும் இம்மயக்கம் முற்றும் நீங்குவதில்லை. ஒத்த குறி இரண்டனை மாறிமாறிக் காட்டி, ஒன்றற்கு எப்பொழுதும் உணவளித்து, மற்றதற்கு ஒருபொழுதும் அளியாது விட்டாலோ, நாய் அவற்றைப் பிரித்தறியும். ஆகவே, வேறுபாட்டைக் கற்பிப்பது உணவு மட்டுமன்று. அளித்தலும் மறுத்தலுமாகிய ஒழுங்கே என்பது புலனாகும்.

இவ்வறிவிற்கும் எல்லையுண்டு. அவர்தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டி உணவளித்தனர். நீள்வட்டத்தைக் காட்டி அளியாது விட்டனர். நாய் இரண்டனையும் பிரித்தறிந்தது. பின்னர் நீள்வட்டத்தைப் படிப்படியாக வட்டத்திற்கு நெருங்கச் செய்து, அதன் அச்சுகள் 9-க்கு 8 என்னும் அளவில் நிற்க வைத்தனர். முதலிற் சிறிது தேறிய நாய், மூன்று வாரத்திற்குப்பின் தடுமாறியது. அமைதி இழந்து கதறிக் கருவிகளைக் கடித்தது. முன்பு எளிதாய் அறிந்த வேறுபாட்டையும் இழந்தது.

1924-இல், குருமார் மைந்தர் என்பதொன்றே காரணமாக, லெனின்கிராட் இராணுவ மருத்துவக் கழகத்தினின்றும் மாணவர் சிலர் நீக்கப்பட்டனர். பாவ்லோவ் இளமையிலேயே சமய நம்பிக்கையை நீங்கியவர். எனினும், தாமும் குருவின் மகனே என்று எடுத்துக்காட்டித் தம் ஆசிரியப் பதவியைத் துறந்தார். 1936 பெப்ரவரி 27-இல், 86 வயதினராய் மறைந்தார்.

பிறப்பொன்றையே குறியாகக் கொண்டு மக்களை ஓரினமாய் ஒதுக்குதல், பழகாத நாயின் மயக்கத்தினும் இழிந்ததன்றோ? அதற்கு உடன்படாது பதவியைத் துறந்த அவர்தம் நெஞ்சுரத்தை, அவர் பெற்ற பரிசினும் பெரிதாக நாம் போற்றுகின்றோம்.