செவிவழித் தமிழ் வளர்த்த ஏ.பி. நாகராஜன்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றும் மரபு தொன்மையானது. எனினும் நூலறிவுடையோர் இயலுக்கு முதலிடம் தந்து, இசையை அடுத்து வைத்து, நாடகத்தைக் கடைசி வரிசையில் நிறுத்தியே பழகிவிட்டனர். அந்நாடகத்தின் வழித்தோன்றலாகிய திரைப்படத்துக்கோ இலக்கிய வரலாற்றின் வாயில் நெடுங்காலம் திறக்கப்படவே இல்லை. அவ்வாயிலுக்கு வெளியே நின்றவாறே, ஏடறியாத எளிய மக்களின் செவிகளில் பெரியபுராணத்தையும் திருவிளையாடற் புராணத்தையும் ஒலிக்கச் செய்தவர் ஏ.பி. நாகராஜன். நடிகர், நாடக ஆசிரியர், உரையாடலாசிரியர், தயாரிப்பாளர், இயக்குநர் எனப் பல கோலங்கள் பூண்டவர் அவர். கோலங்கள் மாறினும், பேசப்படும் தமிழின்மீது அவர் கொண்ட பற்று இறுதிவரை மாறவில்லை.

நாடகக் குழுவே பள்ளி

சேலம் மாவட்டம் சங்ககிரியை அடுத்த அக்கம்மாபேட்டையில் 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் குப்புசாமி. இளமையிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். நாகராஜன் என்னும் பெயர் அங்கேதான் அவருக்கு வாய்த்தது. சங்கரதாஸ் சுவாமிகளிடம் பயின்ற டி.கே. சண்முகம் நடத்திய அக்குழுவில், உச்சரிப்பும் ஒழுங்கும் உயிரெனக் கருதப்பட்டன. மெய்யெழுத்து மறைந்தாலும் ஒற்று நழுவினாலும் பயிற்சி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பெண் வேடங்கள் புனைந்து நடித்த அச்சிறுவனுக்குக் கல்லூரிக் கல்வி வாய்க்கவில்லை. ஆனால் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சென்று சேரவேண்டும் என்னும் கல்வி வாய்த்தது. பிற்காலப் படங்கள் அனைத்திற்கும் அடிப்படை இதுவே.

நாடகத்தோடு அரசியல் உணர்வும் அவரிடம் வளர்ந்தது. ம.பொ. சிவஞானம் 1946இல் தோற்றுவித்த தமிழரசுக் கழகத்தின்பால் அவர் ஈடுபாடு கொண்டார். மொழிப்பற்றையும் சமய இலக்கியப் பற்றையும் முரணாகக் காணாமல் ஒன்றாகவே கண்ட இயக்கம் அது. சிலம்பைப் போற்றிய அதே நாவால் திருமுறையையும் திவ்வியப் பிரபந்தத்தையும் போற்றலாம் என்னும் அவ்வெண்ணம், பின்னர் நாகராஜனின் கலையில் முழு உருப்பெற்றது.

எழுத்தும் வட்டார வழக்கும்

அவர் எழுதிய ‘நால்வர்’ நாடகம் 1953இல் திரைப்படமாயிற்று. அதில் அவரே கதைத்தலைவராகவும் நடித்தார். அடுத்துவந்த சில ஆண்டுகளில் நடிப்பைக் குறைத்துக்கொண்டு எழுத்தைப் பெருக்கினார். ‘டவுன் பஸ்’, ‘நான் பெற்ற செல்வம்’, ‘நல்ல இடத்துச் சம்பந்தம்’ முதலிய படங்கள் அவருடைய எழுத்தில் வெளிவந்தன. வி.கே. ராமசாமியுடன் இணைந்து உருவாக்கிய ‘மக்களைப் பெற்ற மகராசி’ 1957இல் வெளியானபோது, அதன் கதைத்தலைவன் கொங்கு வழக்கில் பேசினான். கதைத்தலைவன் தூய நடையிலும் நகைச்சுவை மாந்தர் வட்டார வழக்கிலும் பேசுவதே வழக்கமாயிருந்த காலத்தில், சிவாஜி கணேசனின் நாவில் தம் ஊர்ப் பேச்சை ஏற்றிய துணிவு குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டே ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்துக்கு அவர் உரையாடல் எழுதினார். காவிய நடைக்கும் களத்துமேட்டுப் பேச்சுக்கும் இடையே தடையின்றிச் சென்று வரும் ஆற்றல் இவ்விரண்டு படங்களாலும் புலனாகும்.

அகிலனின் ‘பாவை விளக்கு’ 1960இல் திரைக்கு வந்தபோது உரையாடல் நாகராஜனுடையது. 1962இல் ‘வடிவுக்கு வளைகாப்பு’ மூலம் இயக்குநரானார். 1963இல் அகிலனின் ‘வாழ்வு எங்கே’ நாவலைக் ‘குலமகள் ராதை’ எனப் படமாக்கினார். 1964இல் ‘நவராத்திரி’ வந்தது. சிவாஜி கணேசனின் நூறாவது படமாகிய அதில், ஒன்பது மெய்ப்பாடுகளுக்கு ஒன்பது மாந்தரை அமைத்து, ஒரே நடிகரிடம் ஒப்படைத்தார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டாகவும் வடநூலார் ஒன்பதாகவும் வகுத்த சுவைக் கோட்பாட்டைத் திரையரங்கு இரசிகன் கதையாகவே கண்டு மகிழ்ந்தான்.

தருமியும் நக்கீரரும்

‘நான் பெற்ற செல்வம்’ படத்தில், சிவபெருமானும் நக்கீரரும் வாதிடும் காட்சி சிறு நாடகமாக இடம்பெற்றிருந்தது. அவ்வித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து முளைத்தது. பரஞ்சோதி முனிவரின் புராணத்திலிருந்து நான்கு திருவிளையாடல்களைத் தொகுத்து 1965இல் அவர் எடுத்த ‘திருவிளையாடல்’ பெரும் வெற்றி பெற்றது.

அதில் தருமியின் பகுதியைப் புலவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். புராணத்தில் தருமி, மணம் புரிந்துகொள்ளப் பொருள் வேண்டி இறைவனிடம் முறையிடும் ஏழை அந்தண இளைஞன். நாகராஜன் அவனை வறுமையில் வாடும் புலவனாக்கினார். அதிலும் ஆசை பெரிதாகவும் புலமை சிறிதாகவும் அமைந்த புலவனாக்கினார். பிறர் பாட்டைத் தன் பாட்டென்று அவைக்கு எடுத்துச் செல்லும் அவனுடைய நடுக்கத்தையும், பொருள் கேட்டால் விழிக்கும் விழிப்பையும் நாகேஷ் நடித்துக் காட்டியபோது நாடே நகைத்தது. ஆயினும் அந்நகைப்பினுள் அவலம் இருந்தது. பரிசிலை எண்ணிப் பாடவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட புலவர் வாழ்க்கை, புறநானூற்றுக் காலம் முதல் தொடர்ந்து வருவதன்றோ!

இப்பகுதியில் நக்கீரர் வேடத்தை நாகராஜன் பிறருக்குத் தரவில்லை, தாமே ஏற்றார். எதிரே நிற்பவன் இறைவனே ஆயினும், பாட்டில் பிழை கண்டால் அஞ்சாது கூறும் பாத்திரம் அது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலை மையமாகக் கொண்ட இவ்வாதத்தை, சங்க இலக்கியம் என்னும் தொடரையே கேட்டறியாத மக்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். கோயில் விழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே அவ்வுரையாடல் பல்லாண்டுகள் ஒலித்தது. வகுப்பறையில் ஆசிரியர் குறுந்தொகையைத் தொடங்குமுன் மாணவர் மனத்தில் அதற்கு இடம் அமைத்து வைத்தவர் என அவரைக் கூறின் மிகையாகாது.

பத்தியும் தமிழும்

அக்காலச் சூழலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகுத்தறிவு இயக்கம் மேலோங்கி, 1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்த காலம் அது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் நிறைந்த திரையுரையாடல் அவ்வியக்கத்தின் படைக்கலமாக விளங்கிற்று. தொடக்ககாலப் புராணப் படங்களோ வடசொல் மிக்க நடையில் அமைந்து, புதிய தலைமுறைக்கு அந்நியமாகிவிட்டிருந்தன. நாகராஜன் அந்தப் படைக்கலத்தையே எடுத்துப் பத்திப் பொருளுக்குப் பயன்படுத்தினார். இறைவனும் நாரதரும் கலைமகளும் செந்தமிழில் வாதிட்டனர். எனவே கடவுளை ஏற்காதவரும் மொழிக்காக அப்படங்களைக் கேட்க முடிந்தது.

‘சரஸ்வதி சபதம்’ 1966இல் கல்வி, செல்வம், வீரம் மூன்றையும் வழக்காட வைத்தது. 1967இல் ‘கந்தன் கருணை’யும் ‘திருவருட்செல்வர்’ படமும் வந்தன. பின்னதில் சேக்கிழார், அப்பர், சுந்தரர், திருக்குறிப்புத்தொண்டர் ஆகியோர் சிவாஜி கணேசனின் நடிப்பில் உயிர்பெற்றனர். சுந்தரர் பதிகம் பாடிய திருமழபாடியை அரியலூர்ப் பகுதியில் கொண்டுள்ள நம் மக்களுக்கு, அத்திரையுருவம் ஊர்க்கோயிலின் நினைவோடு கலந்து நின்றது. 1968இல் ‘திருமால் பெருமை’ ஆழ்வார்களைப் பாடியது. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ முதற்பெண் அடியாரின் வாழ்வைச் சொன்னது. இப்படங்களில் கே.பி. சுந்தராம்பாளுக்கு அவர் அளித்த இடமும் போற்றத்தக்கது. மேடையில் புகழ்பெற்று முதுமை எய்திய ஒரு கலைஞரை, அம்முதுமையே அழகாகும்படி ஒளவையாராகவும் அம்மையாராகவும் நிறுத்தினார்.

புராணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆக்கி, நாகசுர மரபையும் சதிர் மரபையும் அவற்றை வாழவைத்த கலைஞரின் மானத்தையும் ஆவணமாக்கினார். அப்படம் தமிழின் சிறந்த படமென்று தேசிய விருது பெற்றது. மறு ஆண்டில் பெரு நடிகர் எவருமின்றி, மாமல்லபுரத்துச் சிறுவன் ஒருவனை வைத்து ‘வா ராஜா வா’ எடுத்தார். குன்னக்குடி வைத்தியநாதன் அதில் இசையமைப்பாளராக அறிமுகமானார். 1970இல் ‘திருமலை தென்குமரி’ பேருந்தில் செல்லும் ஒரு பயணக் கூட்டத்தையே கதையாக்கியது.

சோழன் திரைக்கு வந்தது

1973இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகும். அரு. இராமநாதன் எழுதி டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகமே அதன் மூலம். அப்படத்தில் இளவரசனாக வரும் இராசேந்திரனே பின்னாளில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியவன். மறு ஆண்டில், அதே குழுவின் ‘குமாஸ்தாவின் பெண்’ நாடகக் கதையைக் ‘குமாஸ்தாவின் மகள்’ என்று படமாக்கினார். தம்மை வளர்த்த மேடைக்கு இவ்விரு படங்களாலும் அவர் செலுத்தியது ஆசிரியர்க்குச் செலுத்தும் காணிக்கையே ஆகும்.

நிறையும் குறையும்

அவருடைய படங்களில் குறையில்லை என்பதற்கில்லை. ஒளிப்படக் கருவி மேடைக்கு எதிரே அமர்ந்த பார்வையாளனைப் போலவே பல இடங்களில் அசையாதிருக்கிறது. மூலநூலின் நுட்பங்கள் வெகுமக்கள் சுவைக்காக வளைக்கப்பட்டுள்ளன. அற்புத நிகழ்ச்சிகள் அடியார்களின் அகப்போராட்டத்தை மறைத்துவிடுவதும் உண்டு. இவற்றைச் சுட்டுதல் தவறாகாது. நக்கீரர் வேடம் புனைந்தவர் அதனை வெறுத்திருக்கவும் மாட்டார். ஆனால் இக்குறைகளைக் காட்டி அவரை இலக்கிய வரலாற்றின் புறத்தே நிறுத்துவது வேறு. கதாகாலட்சேபமும் தெருக்கூத்தும் வில்லுப்பாட்டும் காவியங்களை மக்களிடம் கொண்டுசென்ற வரிசையில், இருபதாம் நூற்றாண்டின் கருவி கொண்டு அப்பணியைச் செய்தவர் அவர். கூத்தரையும் பாணரையும் சங்கப் பாடல்களில் ஏற்றுப் போற்றிய தமிழ், அவர்தம் வழித்தோன்றலை மறுப்பது முறையன்று.

எழுபதுகளில் இரசனை மாறியது. நாகராஜனும் தம்மை மாற்றிக்கொள்ள முயன்றார். 1975இல் ‘மேல்நாட்டு மருமகள்’ எடுத்தார். 1977இல் எம்.ஜி.ஆர். நடிக்க ‘நவரத்தினம்’ படத்தை இயக்கினார். ஒன்பது மெய்ப்பாட்டில் பெரும்புகழ் பெற்றவர் ஒன்பது பெண்டிரின் கதையோடு விடைபெற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தபோது வயது நாற்பத்தொன்பதே.

எழுதப்படும் கவிதை தாளிலேயே தங்கிவிடாமல் செவியையும் சென்றடைய வேண்டும் என்று விரும்பும் எவரும் நாகராஜனின் உரையாடல்களை ஒருமுறையேனும் கண்ணை மூடிக் கேட்டல் வேண்டும். சொல் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிமிர வேண்டும், எங்கே மௌனத்திற்கு வழிவிட வேண்டும் என்பன அங்கே தெளிவாகப் புலப்படும். அக்கம்மாபேட்டையிலிருந்து நாடகக் கொட்டகைக்கு வந்த சிறுவன் கற்ற முதற் பாடம் அது. அவர் விட்டுச்சென்ற செல்வமும் அதுவே.