பென்சிலை நண்பரிடம் கொடுத்த வால்ட் டிஸ்னி



மிக்கி மவுஸை உங்கள் எல்லோருக்கும் தெரியும். புத்தகப் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா என்று எங்கே பார்த்தாலும் இரண்டு வட்டக் காதுகளோடு சிரித்துக்கொண்டிருக்கும் அந்தக் குட்டி எலிதான். மிக்கியை உருவாக்கியவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், வால்ட் டிஸ்னி என்று உடனே எழுதி ஒரு மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள்.

ஆனால், மிக்கியின் முதல் படத்துக்கான ஓவியங்களை வால்ட் டிஸ்னி வரையவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வரைந்தவர் அவருடைய நண்பர். அப்படியானால் டிஸ்னி என்னதான் செய்தார்? உலகம் ஏன் அவர் பெயரை நினைவில் வைத்திருக்கிறது? வாருங்கள், பார்க்கலாம்.

தாரில் வரைந்த சிறுவன்

வால்ட் டிஸ்னி 1901-ம் ஆண்டு டிசம்பர் 5-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ், தாய் ஃப்ளோரா. வால்ட்டுக்கு நான்கு வயதானபோது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் உள்ள மார்சலின் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பண்ணையில் பன்றிகள், கோழிகள், குதிரைகள், மாடுகளுக்கு நடுவே சிறுவன் வால்ட் வளர்ந்தான். விலங்குகள் எப்படி நடக்கின்றன, எப்படித் தலையைத் திருப்புகின்றன என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் வீட்டருகே ஒரு பீப்பாயில் தார் இருப்பதைப் பார்த்தான். ஒரு குச்சியைத் தாரில் தோய்த்து, வீட்டின் வெள்ளைச் சுவரில் படம் வரைந்துவிட்டான். தங்கை ரூத்தும் அதில் கூட்டு. தார் காய்ந்தால் போகுமா? போகவே இல்லை. அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லவா வேண்டும்! ஆனால், பக்கத்தில் வசித்த வயதான மருத்துவர் ஒருவர் தம் குதிரையை வரையச் சொல்லி, அந்தப் படத்துக்குக் காசும் கொடுத்தார். படம் வரைந்தால் திட்டு மட்டுமல்ல, பாராட்டும் கிடைக்கும் என்று சிறுவன் அன்று தெரிந்துகொண்டான்.

1911-ல் குடும்பம் கன்சாஸ் சிட்டிக்குச் சென்றது. அப்பா செய்தித்தாள் விநியோகிக்கும் உரிமையை வாங்கினார். விடியும் முன்பே எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போடும் வேலை வால்ட்டுக்கும் அண்ணன் ராய்க்கும் வந்தது. குளிர்காலத்தில் முழங்கால் அளவுப் பனியிலும் நடக்க வேண்டும். அதன் பிறகு பள்ளிக்கூடம். வகுப்பில் தூக்கம் தூக்கமாக வரும். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தான்.

சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது பள்ளி இதழுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தான். இரவு நேரத்தில் ஓவிய வகுப்புக்கும் போனான். முதல் உலகப் போர் முடிந்த நேரத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகப் பிரான்சுக்குப் போனான். அங்கே தன் வண்டியின் மீதும் படம் வரைந்து வைத்திருந்தானாம்!

நூலகத்தில் கிடைத்த ஆசிரியர்

1919-ல் ஊர் திரும்பிய வால்ட், கன்சாஸ் சிட்டியில் விளம்பரப் படங்கள் வரையும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே தன் வயதுடைய ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் பெயர் அப் ஐவெர்க்ஸ். அதிகம் பேசாதவர். பென்சிலை எடுத்தால் கை மின்னல் வேகத்தில் போகும். வால்ட்டோ வாய் ஓயாமல் கதை பேசுபவர். இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள்.

அனிமேஷன் என்னும் அசையும் ஓவியக் கலையைக் கற்றுத்தர அப்போது அங்கே பள்ளி எதுவும் இல்லை. வால்ட் பொது நூலகத்துக்குப் போய், அந்தக் கலையைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து வந்து படித்தார். ஒரு கேமராவை இரவல் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் பழகிப் பார்த்தார்.

அசையும் ஓவியம் என்றால் என்ன? உங்கள் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பந்தை வரையுங்கள். தாளுக்குத் தாள் பந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகட்டும். இப்போது கட்டைவிரலால் தாள்களை வேகமாகப் புரட்டுங்கள். பந்து துள்ளும்! அவ்வளவு வேகமாக மாறும் படங்களை நம் மூளை தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே அசைவாகச் சேர்த்துக்கொள்கிறது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கார்ட்டூனில் பல சமயம் ஒரே ஓவியத்தை இரண்டு முறை படம் பிடிப்பார்கள். அப்படியும் ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும்!

1922-ல் வால்ட் சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கினார். கையில் பணம் இல்லை. அப்போது ஒரு பல் மருத்துவர், பல் துலக்குவதைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். அதைப் பேச நேரில் வருமாறு கூப்பிட்டார். வால்ட்டால் போக முடியவில்லை. ஏன் தெரியுமா? அவரிடம் இருந்த ஒரே ஜோடி ஷூ, பழுது பார்க்கும் கடையில் இருந்தது. அதை வாங்கி வரக் கையில் ஒன்றரை டாலர் இல்லை! மருத்துவரே அந்தப் பணத்தைக் கட்டி ஷூவை மீட்டுக் கொடுத்தார். படமும் எடுக்கப்பட்டது. ஆனாலும் 1923-ல் கம்பெனி திவாலானது.

அதே ஆண்டு ஒரு அட்டைப் பெட்டியும் 40 டாலரும் எடுத்துக்கொண்டு வால்ட் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கிருந்த அண்ணன் ராயோடு சேர்ந்து அக்டோபர் மாதம் புதிய ஸ்டுடியோ தொடங்கினார். கணக்கு வழக்கு ராய்க்கு. கதை வால்ட்டுக்கு. அடுத்த ஆண்டு நண்பர் ஐவெர்க்ஸும் வந்து சேர்ந்தார்.

கடினமான முடிவு

இங்கேதான் குழந்தைகளே, நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

வால்ட்டுக்கு ஓவியம் என்றால் உயிர். சிறு வயது முதல் அதற்காகவே பாடுபட்டவர். ஆனால், தன்னைவிட ஐவெர்க்ஸ் எவ்வளவோ நன்றாக, எவ்வளவோ வேகமாக வரைகிறார் என்பதை அவர் கண்ணால் பார்த்தார். அவர் நினைத்திருந்தால் பொறாமைப்பட்டிருக்கலாம். அல்லது, நமக்கு இது வராது என்று மனம் உடைந்து வேறு வேலைக்குப் போயிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. 1920-களின் நடுவிலேயே படங்களுக்கு வரைவதை நிறுத்திவிட்டார். பென்சிலைத் தன்னைவிடத் திறமையானவர்களிடம் கொடுத்துவிட்டு, கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும், எந்த இடத்தில் கண்ணீர் வர வேண்டும் என்று யோசிப்பதே தன் வேலை என்று முடிவு செய்தார்.

1927-ல் ஆஸ்வால்ட் என்ற முயலை நாயகனாக வைத்து எடுத்த கார்ட்டூன்கள் நன்றாக ஓடின. 1928-ல் கூடுதல் பணம் கேட்க வால்ட் நியூயார்க் போனார். அங்கே பேரிடி காத்திருந்தது. ஒப்பந்தப்படி முயல் அவருக்குச் சொந்தமில்லை. படத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கே சொந்தம். போதாக்குறைக்கு அவருடைய ஓவியர்களில் பெரும்பாலோரை விநியோகஸ்தர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூடவே நின்ற சிலரில் ஒருவர் ஐவெர்க்ஸ்.

முயல் போனது, எலி வந்தது! மிக்கியின் முதல் படத்தை ஐவெர்க்ஸ் ஏறக்குறைய தனி ஆளாகவே வரைந்தார். ஒரே நாளில் சுமார் 700 படங்கள் வரைந்தாராம்! ஆனால், முதல் இரண்டு படங்களை வாங்க யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் பேசும் படங்கள் வரத் தொடங்கியிருந்தன. மூன்றாவது படத்தில் ஒலியைச் சேர்க்க வால்ட் திட்டமிட்டார். ஓவியம் ஒலி எழுப்பினால் மக்கள் நம்புவார்களா? சோதித்துப் பார்த்தார்கள். திரையில் படம் ஓட, மறைவில் இருந்து ஒருவர் மவுத் ஆர்கன் வாசிக்க, மற்றவர்கள் பாத்திரங்களைத் தட்ட, பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்தினர் மகிழ்ந்து போனார்கள்.

நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு சரியாக அமையவில்லை. மறுபடி பதிவு செய்யப் பணம் வேண்டும். வால்ட் தன் காரை விற்கச் சொன்னார். 1928 நவம்பர் 18-ம் தேதி 'ஸ்டீம்போட் வில்லி' நியூயார்க்கில் வெளியானது. மிக்கி ஒரே நாளில் புகழ் பெற்றது. மிக்கி வரைந்தது ஐவெர்க்ஸின் கை. ஆனால், மிக்கி பேசத் தொடங்கியபோது கேட்டது வால்ட்டின் குரல்! ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவரே குரல் கொடுத்தார்.

ஸ்டுடியோவே பள்ளிக்கூடம்

தன்னால் வரைய முடியாததை மற்றவர்கள் வரைய வேண்டும் என்றால், அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா? லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ஓவியப் பள்ளிக்குத் தன் ஓவியர்களை மாலையில் தானே காரில் அழைத்துப் போனார் வால்ட். 1932-ல் ஸ்டுடியோவுக்குள்ளேயே வகுப்பு தொடங்கினார். பிற்காலத்தில் 'பாம்பி' படத்துக்காக இரண்டு மான்குட்டிகளையே வரவழைத்தார்கள். அவை நடப்பதையும் படுப்பதையும் பார்த்துப் பார்த்து ஓவியர்கள் வரைந்தார்கள்.

கதையைச் சிறு சிறு படங்களாக வரைந்து, வரிசையாகப் பலகையில் குத்தி வைத்துப் பார்க்கும் முறையும் 1930-களில் அந்த ஸ்டுடியோவில்தான் வளர்ந்தது. ஒரு காட்சி சரியில்லையா? அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளைக் குத்தலாம். ஆயிரக்கணக்கான ஓவியங்களை வீணாக்க வேண்டாம். உலகெங்கும் திரைப்படக்காரர்கள் பின்பற்றும் 'ஸ்டோரிபோர்டு' முறை இதுதான்.

1934-ல் ஒரு மாலை. வால்ட் தன் ஓவியர்களை உட்கார வைத்து, 'ஸ்னோ ஒயிட்' கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை நடித்துக் காட்டினார். இளவரசியாகவும், பொல்லாத ராணியாகவும், ஏழு குள்ளர்களாகவும் மாறி மாறி நடித்தார். அந்த ஒரு மாலை நடிப்பு, அடுத்த மூன்று ஆண்டுகள் தங்களை வழிநடத்தியது என்று ஓவியர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

முழு நீளக் கார்ட்டூன் படத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று ஹாலிவுட்டில் பலர் கேலி செய்தார்கள். படத்தின் நீளம் 83 நிமிடம். ஒரு கணக்குப் போடுங்கள். 83-ஐ 60-ஆல் பெருக்கி, மறுபடி 24-ஆல் பெருக்குங்கள். 1,19,520 படங்கள்! அதோடு, கண்ணாடி போன்ற தாள்களில் ஓவியங்களை மையால் நகலெடுத்து வண்ணம் தீட்ட வேண்டும். ஏராளமான இளம்பெண்கள் இரவு பகலாக அந்த வேலையைச் செய்தார்கள். செலவு சுமார் 15 லட்சம் டாலரைத் தொட்டது. நடுவில் பணம் தீர்ந்தது. வங்கி அதிகாரிக்குப் பாதி முடிந்த படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வரையாமல் விட்ட இடங்களில் வால்ட் வாயால் கதை சொன்னார். கடன் கிடைத்தது! 1937 டிசம்பர் 21-ம் தேதி படம் வெளியானபோது, ஓவிய இளவரசிக்காகப் பெரியவர்களே கண்ணீர் விட்டார்கள். சிறப்பு ஆஸ்கர் விருதாக ஒரு பெரிய சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் வால்ட்டுக்குக் கிடைத்தன. எட்டு ஏன் என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

மறைக்கக் கூடாத பக்கம்

பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது நல்லதை மட்டும் படிப்பது சரியல்ல. பலருடைய கைகள் சேர்ந்துதான் இந்தப் படங்கள் உருவாயின. ஆனால், சுவரொட்டியில் பெரிதாக இருந்தது ஒரே பெயர். ஐவெர்க்ஸ் 1930-ல் பிரிந்து போய்ச் சொந்த ஸ்டுடியோ தொடங்கினார். பெண்களுக்குப் பெரும்பாலும் மை இடும் வேலை, வண்ணம் தீட்டும் வேலை மட்டுமே தரப்பட்டது. 1941-ல் ஊதியத்திலும் பெயர் போடுவதிலும் நியாயம் கேட்டு நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வால்ட் அதைத் தனக்குச் செய்த துரோகமாக நினைத்துக் கசந்துபோனார். கடைசியில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. திறமையை மதித்து வேலை கொடுத்தால் மட்டும் போதாது. உரிய கூலியும் பெயரும் கொடுக்க வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம்.

ஐவெர்க்ஸ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1940-ல் திரும்பி வந்து, புதிய கேமரா நுட்பங்களைக் கண்டுபிடித்து ஆஸ்கர் விருதுகளும் பெற்றார்.

வால்ட் 1955-ல் டிஸ்னிலேண்ட் பூங்காவைத் திறந்தார். போட்டிப் பிரிவில் மட்டும் 22 ஆஸ்கர் விருதுகள் பெற்றார். 1966 டிசம்பர் 15-ம் தேதி நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். நெடுங்காலம் விடாமல் சிகரெட் பிடித்தவர் அவர். தன் ஓவியர்களைக் காரில் அழைத்துப் போன அந்த ஓவியப் பள்ளியை ஒரு இசைப் பள்ளியோடு இணைத்து, கலிபோர்னியா கலைக் கல்லூரியாக்க 1961-ல் அவர் உதவினார். தன் சொத்தில் ஒரு பெரும் பங்கையும் அதற்கு எழுதிவைத்தார். 'டாய் ஸ்டோரி'யை இயக்கிய ஜான் லாசெட்டர் அங்கே படித்தவர்தான்.

செல்வங்களே, உங்கள் வகுப்பில் உங்களைவிட அழகாக வரையும் ஒருவர் இருப்பார். அதற்காக நீங்கள் நோட்டை மூடி வைக்க வேண்டாம். இந்த விடுமுறையில் அவரோடு சேர்ந்து பத்துக் கட்டங்களில் ஒரு படக்கதை செய்து பாருங்கள். நீங்கள் கதை சொல்லுங்கள், அவர் வரையட்டும். முடித்ததும் முதல் பக்கத்தில் இரண்டு பேரின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுத மறந்துவிடாதீர்கள்!