400-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அணை: பழியைத் தானே ஏற்ற இன்ஜினியர்! யார் இந்த முல்ஹாலண்ட்?

ஒரு அணை உடைந்தால் வழக்கமாக என்ன நடக்கும்? கான்ட்ராக்டர் மேல் பழி போகும், மழை மேல் பழி போகும், கடைசியில் யாரோ ஒரு கீழ்நிலை ஊழியர் சஸ்பெண்ட் ஆவார். ஆனால் 1928-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது வேறு. அந்த நகரமே கொண்டாடிய தலைமைப் பொறியாளர், தவறு தன்னுடையதுதான் என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். அவர்தான் வில்லியம் முல்ஹாலண்ட். ஹாலிவுட் மலைகளில் ஓடும் புகழ்பெற்ற முல்ஹாலண்ட் டிரைவ் சாலைக்கு இவருடைய பெயர்தான்.

வாய்க்கால் வெட்டியவர் தலைமைப் பொறியாளர் ஆனது எப்படி?

1855-ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர் முல்ஹாலண்ட். வளர்ந்தது டப்ளினில். சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1877-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தபோது அது ஒரு சிறிய ஊர்தான். 1880-ல் கூட அங்கே மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம்.

அங்கே ஒரு தனியார் குடிநீர் நிறுவனத்தில் வாய்க்காலைத் தூர்வாரிப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. பொறியியல் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காதவர் அவர். ராத்திரி நேரங்களில் கணிதம், நீரியல் புத்தகங்களைத் தானே படித்துக் கற்றுக்கொண்டார். 1886-ல் அந்த நிறுவனத்தின் கண்காணிப்பாளர் ஆனார். 1902-ல் நகர நிர்வாகம் குடிநீர் விநியோகத்தைத் தன் வசம் எடுத்தபோது, பொறுப்பு அவரிடமே வந்தது.

375 கி.மீ. தாண்டி வந்த தண்ணீர்

நகரம் வேகமாக வளர்ந்தது, தண்ணீர் போதவில்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருந்து சுமார் 375 கி.மீ. தூரம் தண்ணீர் கொண்டு வரும் திட்டத்தை முல்ஹாலண்ட் நிறைவேற்றினார். பம்ப் எதுவும் கிடையாது, முழுக்க முழுக்கப் புவியீர்ப்பு விசைதான். 1913 நவம்பர் 5-ம் தேதி தண்ணீர் வந்து சேர்ந்தது. நகரம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இன்னொரு பக்கம், தண்ணீரை இழந்த ஓவன்ஸ் விவசாயிகள் கொந்தளித்தார்கள். 1920-களில் அந்தக் கால்வாய்க்குப் பலமுறை வெடி வைக்கப்பட்டது.

கால்வாய்க்கு ஏதாவது ஆனால் நகரம் தவித்துப் போகும் இல்லையா? அதனால் நகரத்துக்கு அருகிலேயே நீரைத் தேக்கி வைக்க முல்ஹாலண்ட் முடிவு செய்தார். அப்படித்தான் 1924-ல் சான் பிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் செயிண்ட் பிரான்சிஸ் அணையின் பணி தொடங்கியது.

எங்கே தவறு நடந்தது?

கட்டும்போதே அணையின் உயரம் இரண்டு முறை, மொத்தம் 20 அடி கூட்டப்பட்டது. ஆனால் அதற்கேற்ப அடித்தளம் அகலப்படுத்தப்படவில்லை. பாறையின் தன்மையும் சரியில்லை. ஒரு பக்கம் தண்ணீர் பட்டால் இளகும் பாறை, மறுபக்கம் அடுக்கடுக்காகச் சரியும் பாறை.

இதையெல்லாம் யார் கேள்வி கேட்பது? நகர நிர்வாகங்கள் கட்டும் அணைகளுக்கு அப்போது மாநிலத்தின் கண்காணிப்பு கிடையாது. வெளியில் இருந்து எந்த நிபுணர் குழுவும் வடிவமைப்பைச் சரிபார்க்கவில்லை. முல்ஹாலண்ட் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார்.

அந்த 12 மணி நேரம்

1928 மார்ச் 12 காலை. அணையில் புதிதாகக் கலங்கல் நீர் கசிவதைப் பார்த்த அணைக் காவலர் பதறிப்போய் தகவல் கொடுத்தார். கசிவு கலங்கலாக இருந்தால், உள்ளே அடித்தளம் கரைகிறது என்று அர்த்தம். முல்ஹாலண்ட் நேரில் வந்து பார்த்தார். தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது, அருகில் உள்ள மண் சாலையில் பட்டுத்தான் கலங்குகிறது என்று முடிவுக்கு வந்தார். அணை பாதுகாப்பாக இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஏறக்குறைய 12 மணி நேரம்தான். நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது. சுமார் 4,700 கோடி லிட்டர் தண்ணீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து, சுமார் 87 கி.மீ. ஓடி பசிபிக் கடலில் கலந்தது. சாண்டா பாலா ஊரில் டெலிபோன் ஆபரேட்டர்களும் மோட்டார் சைக்கிள் போலீசாரும் மக்களைத் தட்டி எழுப்பிப் பலரைக் காப்பாற்றினார்கள். அப்படியும் 400-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். தகவல் கொடுத்த அந்தக் காவலரும் அதில் ஒருவர்.

விசாரணையில் என்ன சொன்னார்?

சதி வேலையாக இருக்கலாம் என்ற பேச்சும் அடிபட்டது, ஆனால் நிரூபணம் ஆகவில்லை. மரண விசாரணையில் முல்ஹாலண்ட், வேறு யாரையும் குறை சொல்ல வேண்டாம், தவறு நடந்திருந்தால் அது தன்னுடையதே என்றார். அவர் மீது கிரிமினல் குற்றச்சாட்டு சுமத்தப்படவில்லை. ஆனால் ஜூரி ஒரு முக்கியமான பரிந்துரை செய்தது: எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும், ஒரு பெரிய அணையை ஒரே மனிதரின் தீர்ப்புக்கு விடக்கூடாது.

அந்த ஆண்டு இறுதியில் அவர் பதவி விலகினார். 1935-ல் காலமானார். மலைச்சரிவில் பழங்கால நிலச்சரிவு ஒன்று மறைந்திருந்ததாகவும், அன்றைய அறிவியலால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் 1990-களில் வந்த ஆய்வுகள் கூறின. அப்படியென்றால் அவர் நிரபராதியா? இதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நிலச்சரிவு கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அடித்தளத்தை அகலப்படுத்தாமல் உயரத்தைக் கூட்டியதும், யாரிடமும் கருத்து கேட்காததும் அவருடைய முடிவுகள்தான்.

என்ன மாறியது?

1929-ல் கலிபோர்னியா அணைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. நகர நிர்வாகங்களின் அணைகளும் மாநிலத்தின் கண்காணிப்புக்குள் வந்தன. சிவில் இன்ஜினியர்கள் பதிவு செய்து உரிமம் பெறுவதும் அதே ஆண்டில் கட்டாயமானது. ஹாலிவுட்டில் அவர் கட்டிய, அவர் பெயரையே தாங்கிய இன்னொரு அணையையும் மக்கள் பயத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். அதன் நீர்மட்டம் குறைக்கப்பட்டது, முன்புறம் மண் கொட்டிப் பலப்படுத்தப்பட்டது. அந்த அணை இன்றும் நிற்கிறது.

பழியை ஏற்றுக்கொள்ள முல்ஹாலண்டுக்குத் துணிச்சல் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்குத் தேவைப்பட்டது, அணை உடைவதற்கு முன்பே அவருடைய கணக்கைச் சரிபார்க்க இன்னொருவர். அந்த இன்னொருவரைத்தான் 1929 சட்டம் கட்டாயமாக்கியது.