குருவியைக் கையில் ஏந்தி வந்த சிறுவன்

இந்தியாவின் பறவை மனிதர் என்று அறியப்பட்ட சாலிம் அலி, 1896 நவம்பர் 12 அன்று மும்பையில் ஒரு சுலைமானி போஹ்ரா குடும்பத்தில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் வஃபாத்தாகிவிட்டார். யதீமாகிப்போன பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அந்தத் தம்பதிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை.

மாமா வேட்டைப் பிரியர். சாலிமின் கையிலும் ஒரு சின்னக் காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதனால் குருவி சுடுவது அவருக்கு விளையாட்டு. பத்து வயதை ஒட்டிய ஒரு நாள், சுட்டு விழுத்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்றைப் பார்த்தார். வழக்கமான சிட்டுக்குருவி மாதிரி இல்லையே, இதைச் சாப்பிடலாமா என்ற தயக்கம். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை.

பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? போய்ப் பாடத்தைப் படி என்கிறோம். அமீருத்தீன் அப்படிச் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிப் பையனை அனுப்பிவைத்தார். வெள்ளைக்கார அதிகாரியைப் பார்க்க நடுக்கத்தோடு போன சிறுவனை மில்லார்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். வாசிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். நம் ஊரில் இத்தனை பறவைகளா என்று சாலிம் திகைத்துப்போன நாள் அது.

அதற்குப் பிறகு வாழ்க்கை நேராகப் போய்விடவில்லை. பர்மாவில் சுரங்கத் தொழில், மர வியாபாரம் எல்லாம் பார்த்தார். 1918-இல் தஹ்மினாவை மணந்தார். பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் பறவை ஆய்வாளர் வேலை கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை பார்த்துவிட்டு, ஜெர்மனி சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்றார். 1930-இல் திரும்பியபோது அந்த வேலையும் இல்லை.

வேலையில்லாமல் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கியிருந்தபோதுதான் தூக்கணாங்குருவிகளை நாள்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்த்து, பிடித்திருந்தால் குடியேறுகிறது. பிறகே ஆண் மீதியை முடிக்கிறது. முடித்த கையோடு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடுகிறது! இந்த ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

1939-இல் தஹ்மினா இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சாதாரண மக்களும் பார்த்தே பறவையை அடையாளம் காண உதவும் இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. இவர்களுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆனால் உறவுக்காரப் பிள்ளைகளுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அவர்களில் ஒருவரான ஜாஃபர் புத்தேஹலி பின்னாளில் பறவை ஆர்வலர்களுக்கென்றே ஓர் இதழைப் பல்லாண்டுகள் நடத்தினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுவயதில் பழக்கப்படுத்தப்பட்ட தொழுகையைச் சாலிம் அலி பின்னாளில் விட்டுவிட்டார். பெரியவர்கள் சிலரின் வெளிவேடமான பக்திதான் தன்னை விலக்கியது என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். படிக்கையில் மனம் கனக்கிறது. ஒரே குடும்பச் சூழல்தான். கேள்வியோடு வந்த பிள்ளையை ஒரு பெரியவர் கைபிடித்து அனுப்பினார். அவன் ஆயுள் முழுக்க அந்த வழியில் நடந்தான். வேறு சில பெரியவர்கள் உபதேசம் மட்டும் செய்தார்கள். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் தன் வேதத்தில் சொல்வதை, அவனோடு ஒரு தோப்பில் நடந்தபடியே சொல்லிக்கொடுக்க யாரும் இருந்திருக்கக் கூடாதா?

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டதைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அது தேவைதான் என்றே அவர் பதில் சொல்லிவந்தார். சைலன்ட் வேலி காட்டைக் காக்கக் குரல் கொடுத்தவரும் அவரே. 1976-இல் பத்ம விபூஷண் பெற்றார். 1985-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த சுயசரிதைக்கு அந்தச் சிட்டுக்குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். 1987-இல் இறந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் இயங்குகிறது.