பல்லாவரத்துக் கல்லைப் படித்தவர் – இராபர்ட் புரூஸ் ஃபுட்



இந்தத் தடவை அறிஞர் வாழ்க்கைப் பகுதியில் நான் எழுதப்போவது ஒரு வெள்ளைக்காரரைப் பற்றி. அவர் ராஜாவும் இல்லை, கவர்னரும் இல்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே நடந்தவர், அவ்வளவுதான்! ஆனா அவர் நம்ம பக்கத்து ஊரான பல்லாவரத்தில் எடுத்த ஒரு கல், இந்திய வரலாற்றையே பல லட்சம் வருஷம் பின்னாடி தள்ளிவிட்டது. நம்ம வரலாற்றுப் புத்தகத்தில் அவர் பெயர் சின்னதாகத்தான் வரும். மீதியை இங்கே படியுங்கள்.

பிறப்பும் வேலையும்

இராபர்ட் புரூஸ் ஃபுட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858 டிசம்பரில், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். எந்த ஊரில் என்ன பாறை இருக்கு, எந்த மண்ணுக்குக் கீழே எந்த மண் இருக்கு என்று பார்த்து வரைபடம் போடுவதுதான் அவருடைய வேலை. அப்போ பஸ் ஏது, கார் ஏது? ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கித்தான் பார்க்கணும்.

1862-இல் எலிசபெத் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவரும் அவரேதான். மாமனார் பழமொழி பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார்!

1863 மே 30

பல்லாவரம் நமக்குத் தெரிந்த ஊர்தான். காட்டாங்குளத்தூரில் மின்சார ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம், குரோம்பேட்டை தாண்டியதும் வந்துவிடும். அந்தக் காலத்தில் அங்கே பட்டாளத்தார் இருந்தார்கள். அவர்களுடைய அணிவகுப்பு மைதானம் பக்கத்தில் சரளை எடுக்க ஒரு குழி வெட்டியிருந்தார்கள். அதிலிருந்து வெளியே அள்ளிப் போட்ட செம்மண் சரளையில் ஒரு கல்லைப் பார்த்தார் ஃபுட். ஒரு முனை கூராக, இன்னொரு முனை உருண்டு, மாங்கொட்டை மாதிரி இருக்கும் கைக்கோடரி அது. பழைய கற்கால மனிதன் செய்த கருவி என்று இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது அதுதான். அப்போ அவருக்கு 28 வயசு.

அந்தக் குழி வழியாக எத்தனை பேர் போயிருப்பாங்க! அவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? காரணம் இருக்கிறது. 1859-இல்தான் பிரான்சு நாட்டில் ஓர் ஆற்றங்கரைச் சரளையில் கிடைத்த இதே மாதிரி கற்களை, ரொம்பப் பழைய மனிதர்கள் செய்த கருவிகள் என்று அறிஞர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதை ஃபுட் படித்திருந்தார். அதனால் என்ன தேடணும் என்று அவருக்குத் தெரியும்.

கல் தானா உடைஞ்சதா, ஆள் உடைச்சதா?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். இதற்கு அடையாளம் உண்டு. ஒரு கல்லை இன்னொரு கல்லால் சரியான இடத்தில் ஓங்கி அடித்தால் சில்லு பெயரும். அடிபட்ட இடத்தில் ஒரு சின்னப் புடைப்பும், அதைச் சுற்றிச் சிப்பி ஓட்டில் இருப்பது மாதிரி அலை அலையான கோடும் இருக்கும். வெயிலிலோ வெள்ளத்திலோ தற்செயலாக உடைந்த கல்லில் ஒன்று இரண்டு உடைப்பு இருக்கலாம். ஆனா இரண்டு பக்கமும் வரிசையாகச் சில்லு எடுத்து, ஓரத்தைக் கூராக்கி, பிடிக்கும் இடத்தை விட்டுவைத்திருந்தால்? அது கை செய்த வேலை.

ஆனாலும் ஒரு கல்லை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. பல்லாவரத்துக் கல் குழிக்கு வெளியே கிடந்தது. அது எந்த அடுக்கில் இருந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அதனால் ஃபுட் தேடலை நிறுத்தவில்லை. அதே வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி அவரும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் பூண்டி பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அங்கே ஓடைக்கரையில், செம்புரைச் சரளை அடுக்கோடு சேர்ந்து நிறையக் கருவிகள் கிடைத்தன. பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லில் செய்தவை. எந்த ஊர், எந்த அடுக்கு, எந்த வகைக் கல் என்று எல்லாவற்றையும் எழுதி 1866-இல் கட்டுரையாக வெளியிட்டார். கல்லோடு அது கிடந்த இடத்தையும் சேர்த்துப் பாதுகாத்தார் பாருங்கள், அதுதான் அவருடைய பெருமை என்று நான் நினைக்கிறேன்.

கற்காலத்துத் தொழிற்சாலை

பிறகு ஃபுட் பெல்லாரிப் பக்கம் போனார். அங்கே ஒரு கரும்பாறை மலையில் புதிய கற்கால மனிதர்கள் கோடரி செய்த இடத்தைக் கண்டார். முடிந்தது, பாதி முடிந்தது, உடைந்துபோனது என்று எல்லா நிலையிலும் கற்கள் கிடந்தன. செய்முறையே வரிசையாகக் கண் முன்னாடி இருந்தது! முதலில் பெரிய சில்லுகளாக உடைத்து உருவம் கொண்டுவருவது. இரண்டாவது, நம்ம ஊரில் அம்மி கொத்துவது மாதிரி மேலே கொத்திக் கொத்திச் சமப்படுத்துவது. மூன்றாவது, பாறையில் வைத்துத் தேய்ப்பது. நான்காவது, பளபளப்பாக்குவது. தேய்த்துத் தேய்த்துப் பாறையில் விழுந்த பள்ளங்கள்கூட அங்கே இருக்கின்றன. ஒரு கோடரிக்குப் பின்னாடி எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு பொறுமை!

எகிப்திலும் இதே கேள்வி

ஃபுட் இங்கே கல் தேடிக்கொண்டிருந்த காலத்தில், 1880-இல், பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற 27 வயது இளைஞர் எகிப்துக்குப் போய்ப் பெரிய பிரமிடை அங்குலம் அங்குலமாக அளந்தார். கருங்கல்லில் குழாய் மாதிரி துளை போட்டபோது நடுவில் மிஞ்சிய கல் உருளைகளையும் எடுத்து ஆராய்ந்தார். இரும்பே புழங்காத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய கேள்வி. செம்புக் குழாயும் மணலும் வைத்துச் சுழற்றினால் கருங்கல்லிலும் துளை விழும் என்று பிற்காலத்தில் செய்தே காட்டிவிட்டார்கள். செம்பு அறுப்பது இல்லையாம், மணல்தான் அறுக்குமாம்!

எகிப்தியர்கள் கல்லில் ஜாடியும் கிண்ணமும் செய்தார்கள். சக்காராவில் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுக்கு அடியில் மட்டும் சுமார் 40,000 கல் பாத்திரங்கள் கிடைத்தன. நம்ம பாட்டிமார் வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டி மாக்கல்லில் செய்தது. மாக்கல் மெத்து. அவர்கள் அதைவிடக் கடினமான கல்லிலும் குடைந்திருக்கிறார்கள். இப்போ அந்த ஜாடிகளைக் கருவியால் அளந்து, ரொம்பத் துல்லியமா இருக்கே, மெஷின் வைத்திருந்தார்களோ என்றுகூடச் சிலர் கேட்கிறார்கள். அளப்பது நல்லதுதான். ஆனா அளவு, ஜாடி எப்படி இருக்கு என்றுதான் சொல்லும். எந்தக் கல்லறையில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாமல் கை மாறி வந்த ஜாடியாக இருந்தால், அது யாருடையது, எந்தக் காலத்தது என்று அளவுகோல் எப்படிச் சொல்லும்? இந்த இடத்தில்தான் ஃபுட் மாதிரி எழுதி வைத்தவர்களின் அருமை தெரிகிறது.

கடைசிக் காலம்

1884-இல் கர்னூல் பக்கம் உள்ள பில்லசுர்கம் குகைகளைத் தன் மகன் ஹென்றியோடு சேர்ந்து தோண்டிப் பழைய விலங்குகளின் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1891-இல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு வைத்திருந்தார். வாழ்நாளில் அவர் கண்ட பழங்கால இடங்கள் 400-க்கும் மேல்.

அவர் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் 1904-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஒவ்வொன்றும் என்ன, எங்கே கிடைத்தது என்று அவரே பட்டியல் எழுதினார். 1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார். பட்டியல் 1914-லும், அதன் குறிப்புகள் 1916-லும் புத்தகமாக வந்தன. அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஏற்காடு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. இந்திய முன்வரலாற்றின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருக்குக் கிடைக்காத விடை

இந்தக் கருவிகளுக்கு எத்தனை வயசு? ஃபுட் காலத்தில் அதை அளக்க வழியே இல்லை. 1999-லிருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அத்திரம்பாக்கத்தில் அடுக்கு அடுக்காகத் தோண்டியது. 2011-இல் விடை வந்தது. மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

எப்படி அளந்தார்கள்? குவார்ட்ஸ் உள்ள கல் வெளியில் கிடக்கும்போது வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டு அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு வகை அணுக்கள் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது நின்றுவிடும். இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. ஒன்றாக ஏற்றிய இரண்டு மெழுகுவர்த்தியில் ஒன்று சீக்கிரம் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி உயரத்தைப் பார்த்து எப்போ ஏற்றினார்கள் என்று சொல்லலாம் இல்லையா? அந்த மாதிரிதான். ஆனா கல் புதைந்த இடத்திலேயே இருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். ரோடு போட லாரியில் அள்ளிக் கொட்டிய கல்லை எந்த விஞ்ஞானியாலும் படிக்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் செம்மண் சரளையும் அதிகம், பெருங்கற்காலக் கல்வட்டங்களும் அதிகம். வீட்டு மனை போடவும் ரோடு போடவும் தினமும் எங்கேயாவது தோண்டுகிறார்கள். அந்த மண்ணில் என்ன போகிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் வித்தியாசமான கல்லோ பானை ஓடோ கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வரலாறு ஆசிரியரிடமோ தாசில்தார் ஆபீசிலோ சொல்லுங்கள். எழும்பூருக்குப் போகிறவர்கள் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒரு நடை போய்ப் பாருங்கள். நம்ம ரயில் பாதைப் பக்கத்துக் கல்லைச் செய்த கைக்கு எத்தனை லட்சம் வயசு என்று யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

★ பல்லாவரத்தில் கைக்கோடரி மட்டும் கிடைக்கவில்லை. 1880-களின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே கால் வைத்த சுடுமண் ஈமப்பேழையைக் கண்டுபிடித்தார்.

★ அத்திரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் புதிய முறையில் சின்னக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று 2018-இல் கண்டறிந்தார்கள்.

★ பூண்டியிலும் கற்காலக் கருவிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

எழுதியவர்: 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி