மலையைக் காணிக்கையாக்கிய குலத்தலைவர்

நியூஜிலாந்து நாட்டின் வட தீவில் டாப்போ என்று ஒரு பெரிய ஏரி உண்டு. 1846-ம் ஆண்டு மே மாதம் அதன் கரையிலிருந்த தே ராப்பா கிராமத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 50-க்கும் அதிகமானோர் சேற்றில் புதையுண்டு மாண்டனர். அவர்களில் ஒருவர் மவோரிகளின் பெருந்தலைவர் மனனூயி தே ஹெயுஹெயு. 1840-ல் ஆங்கிலேயர் கொண்டு வந்த வைட்டாங்கி ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த வீரர் அவர்!

அவருடைய மகன் தந்தையின் நினைவாகத் தம் பெயரையே ஹோரோனுக்கு என்று மாற்றிக்கொண்டார். மண்சரிவு என்பது அதன் பொருள். சிற்றப்பா இவிகாவ் காலமானபின், 1862-ல் இவர் நான்காவது தே ஹெயுஹெயு ஆனார்.

ஏரிக்குத் தெற்கே டோங்காரிரோ, நகாருஹோயே, ருவாப்பேஹு என்ற மூன்று எரிமலைகள் நிற்கின்றன. குளிரில் விறைத்துப்போன பூசாரி நகாட்டோரோயிராங்கிக்காக, கடலுக்கப்பாலிருந்த சகோதரிகள் நெருப்பை அனுப்பினார்கள். அதுதான் எரிமலையாயிற்று என்பது ஐதீகம். அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. 1839-ல் பிட்வில் என்ற ஆங்கிலேயர் ஏறிவிட்டார் என்று கேட்டு மனனூயி சீறினார். அவருடைய எலும்புகளை எரிமலை வாயில் சேர்க்கக் கொண்டு போனார்கள். மலை உறுமியது! சுமந்தவர்கள் அஞ்சி, சரிவிலேயே வைத்துவிட்டு இறங்கினர்.

1869-ல் வெள்ளையரை எதிர்த்த தே கூட்டியுடன் ஹோரோனுக்கு இருந்தார். விரும்பிப் போனாரா, வற்புறுத்தலுக்கு இணங்கினாரா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அதே மலையடிவாரத்தில், தே போரேரேயில் தே கூட்டி தோற்றார். ஹோரோனுக்கு சரணடைந்து, சில காலம் காவலில் இருந்து மீண்டார்.

துப்பாக்கியைவிடப் பெரிய ஆபத்து பிறகுதான் வந்தது. அதன் பெயர் நிலக் கோர்ட்டு! குலத்துக்குப் பொதுவான பூமியைத் தனித்தனி ஆட்களின் பெயரில் பங்கு பிரிப்பது அதன் வேலை. பங்கு கிடைத்தவர் விற்கலாம். ஆட்டுப் பண்ணைக்காரர் வாங்கலாம். நம் ஊர்ப் பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1886-ல் டாப்போ நிலங்கள் விசாரணைக்கு வந்தன. வேறு குலத்தாரும் உரிமை கோரினர். தந்தையின் எலும்புகள் கிடக்கும் சிகரத்தையும் துண்டு போட்டு விற்பார்களோ என்று ஹோரோனுக்கு கலங்கினார்.

அவருடைய மருமகன் லாரன்ஸ் கிரேஸ் ஒரு வெள்ளையர், பார்லிமெண்ட் அங்கத்தினர். சிகரங்களை விக்டோரியா மகாராணியின் பெயரில் வைத்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று அவர் யோசனை சொன்னார். தந்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். மகன் அதே அரசாங்கத்துக்கு மலையை எழுதித் தர வேண்டிய நிலை! 1887 செப்டம்பர் 23-ந் தேதி பத்திரம் கையெழுத்தாயிற்று. சுமார் 6,500 ஏக்கர். தந்தையின் எலும்புகளை மலையிலிருந்து இறக்கித் தகுந்த சமாதியில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

மறு ஆண்டே ஹோரோனுக்கு காலமானார். 1894-ல் சட்டம் இயற்றி, டோங்காரிரோவை நியூஜிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தர்மகர்த்தாக்களில் ஒருவராக அவர் மகன் டூரேயிட்டி இடம் பெற்றார். மேலும் நிலம் சேர்ந்து பூங்கா பல மடங்கு வளர்ந்தது. 1993-ல், மலைக்கும் மக்களுக்கும் உள்ள ஆன்மிகத் தொடர்புக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் கலாசார நிலப்பரப்பாக ஏறிய முதல் இடம் இதுவே.

அந்தப் பத்திரம் முழுத் தானமா என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை. மகாராணியோடு சேர்ந்து மலையைக் காக்கவே ஹோரோனுக்கு முன்வந்தார், கைகழுவிவிட அல்ல என்று வைட்டாங்கி நடுவர் மன்றம் 2013-ல் முடிவு கூறியது.